மேனுவல் சாரும் பாப்புலியூர் ஜெனரேட்டரும்

மெஷினை ஓட்டத் தெரிந்தவர்கள் இந்த நாட்டில் கோடிக்கணக்கில் இருக்கிறார்கள். அதை எப்படி ஓட்டுவது என்று அடுத்தவருக்குச் சொல்லத் தெரிந்தவர் ஒரே ஒருவர்தான். அவர் தினமும் காலையில் சிதம்பரத்தில் பஸ் ஏறிக் கடலூரில் வந்து இறங்கிக்கொண்டிருந்தார்.

மிகை என்று நினைப்பவர்கள் ஒரு காரியம் செய்யுங்கள். மிக்ஸியையே பார்த்திராத ஒருவர் படித்துவிட்டுச் சட்னி அரைக்கிற மாதிரி, நாலு வரி எழுதிப் பாருங்கள். நான் எழுதியிருக்கிறேன். அவர் எழுத வைத்தார். வாங்கிப் படித்துவிட்டு, “ஸ்டெல்லா, நீ எழுதியிருக்கறபடி செஞ்சா சட்னி சுவத்துலதான் இருக்கும். மூடி போடச் சொல்லவே இல்லியே நீ?” என்றார். அன்றிலிருந்து எனக்கு என் மேலேயே நம்பிக்கை போய்விட்டது.

அவருக்கு ஆஸ்பத்திரியில் மேனுவல் சார் என்று பெயர். சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் இருந்தது, அங்கேயே இருந்துவிட்டது.

திருப்பாதிரிப்புலியூரில், நாங்கள் பாப்புலியூர் என்று சுருக்கிவிடும் அந்தப் பகுதியில், கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு சின்னப் பிரசவ ஆஸ்பத்திரி. நான் அங்கே வரவேற்பு மேஜையில் இருந்தேன். 2006 வாக்கில் எங்கள் டாக்டரம்மாவுக்கு ஒரு தரச் சான்றிதழ் வாங்கிச் சுவரில் மாட்ட வேண்டும் என்று ஆசை வந்தது. அதற்கு, ஆஸ்பத்திரியில் இருக்கிற ஒவ்வொரு மெஷினும் எப்படி ஓடுகிறது, அதை எப்படிப் பராமரிக்கிறோம் என்று ‘மேனுவல்’ எழுதி வைத்திருக்க வேண்டுமாம். சர்க்கரை ஆலை ஒன்றில் ஸ்டோர்ஸ் பார்த்துவிட்டு வெளியே வந்திருந்த ஒருவரை யாரோ சொல்லி அனுப்பினார்கள். நெற்றியில் பட்டை, பையில் இரண்டு பேனா, கையில் பரீட்சை எழுதுகிற அட்டை. “ஒரு மாச வேலைம்மா” என்று சொல்லி உள்ளே வந்தவர், ஐந்தாறு வருஷம் போகவே இல்லை.

முதலில் எழுதியது ஜெனரேட்டரைப் பற்றி. எழுதி முடித்ததும் கேன்டீனில் எல்லோரையும் உட்கார வைத்து வாசித்தார். “மின்சாரம் என்பது மனித குலத்துக்கு இயற்கை அளித்த மாபெரும் கொடை” என்று ஆரம்பித்தது. நான்கு பக்கம் போயும் ஜெனரேட்டர் ரூம் கதவையே அவர் திறந்தபாடில்லை. கேன்டீன் செல்விக்கா ஒரு கையில் தோசைக்கரண்டியோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

“சார், கரண்டு போனதும் இதப் படிச்சிட்டுத்தான் ஸ்டார்ட் பண்ணணுமா?”

“ஆமாம்மா.”

“அதுக்குள்ள உள்ள இருக்கற புள்ள பொறந்து, வளந்து, பள்ளிக்கூடம் போயிடும் சார்.”

கேன்டீனே சிரித்தது. மேனுவல் சார் தாள்களை அடுக்கிக்கொண்டு எழுந்து போனார். சாப்பாட்டு டப்பாவைத் திறக்கக்கூட இல்லை. செல்விக்காவுக்கு மனசு கேட்காமல், சாயங்காலம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ஒரு வாழைக்காய் பஜ்ஜிப் பொட்டலத்தோடு ஓடினார். மறுநாள் சார் வந்தார். பழைய தாள் எதுவும் இல்லை. “செல்வி சொன்னதுதாம்மா சரி. நான் எனக்காக எழுதிட்டேன்” என்றார். அவ்வளவுதான். கோபத்தை ராத்திரியே வெள்ளாற்றில் விட்டுவிட்டு வந்தவர் மாதிரி இருந்தார்.

அதற்குப் பிறகு பாபு அண்ணனைப் பிடித்துக்கொண்டார். பாபு அண்ணன் தேவனாம்பட்டினத்துக்காரர். ஜெனரேட்டர், தண்ணீர் மோட்டார் எல்லாம் அவர் பொறுப்பு. அவர் முன்னால் சார் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார்.

“இப்ப என்ன பண்றீங்க பாபு?”

“ஸ்டார்ட் பண்றேன் சார்.”

“எப்படி?”

“இப்படித்தான்.”

“இப்படித்தான்னா?”

“சார், தெனம் பண்றதுதானே சார்! இதுல என்னா எப்படி?”

“மறுபடி பண்ணுங்க.”

அன்றைக்கு அந்த ஜெனரேட்டர் ஓடி ஓடி நின்ற கணக்கில் தெருவில் உள்ளவர்கள் ஆஸ்பத்திரியில் ஏதோ கலவரம் என்று எட்டிப் பார்த்தார்கள். சார் ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்தார். சாவியைத் திருப்புவதற்கு முன்னால் பாபு அண்ணன் பேனல் பெட்டியின் இடப்பக்கம் ஓர் அறை விடுவார். அவருக்கே அது தெரியாது. சார் எழுதினார்: “பேனலின் இடப்பக்கம் உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டவும். செல்லமாகத் தட்டக் கூடாது.”

டாக்டரம்மா அதைப் படித்துவிட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டார். “என்ன சார் இது? சர்டிபிகேட் குடுக்க வர்றவங்க சிரிக்க மாட்டாங்களா?”

“சிரிக்கட்டும்மா. தட்டலன்னா ஓட மாட்டேங்குதே. ஓடுற மாதிரி எழுதுனாத்தான் மேனுவல். ஓட வேண்டிய மாதிரி எழுதுனா அது கதைம்மா.”

“அதுக்காகத் தட்டுன்னா எழுதுவாங்க?”

“தட்டுறது புடிக்கலன்னா ரிப்பேர் பண்ணுங்க. நான் வரிய அடிச்சிடறேன்.”

மெக்கானிக் வந்தார். உள்ளே ஏதோ ஒரு ஒயர் தளர்ந்திருந்ததாம். இறுக்கிவிட்டுப் போனார். சார் அந்த வரியை அடித்தார். பாபு அண்ணன் மட்டும் கடைசிவரை தட்டிக்கொண்டுதான் இருந்தார்.

சர்டிபிகேட் கிடைத்தது. சுவரில் மாட்டினார்கள். வேலை முடிந்தது என்று நாங்கள் நினைத்தோம். சாருக்கு அப்போதுதான் வேலையே தொடங்கியது. எழுதினால் போதாது, ஒன்றும் தெரியாத ஒருவர் அதைப் பார்த்துச் செய்து காட்ட வேண்டும். அதுவரை அது வெறும் தாள் என்றார். ஆகவே ஒன்றும் தெரியாதவர்களைத் தேட ஆரம்பித்தார். எங்கள் ஆஸ்பத்திரியில் அதற்குப் பஞ்சமே இல்லை.

முதலில் வாட்ச்மேன் பரமசிவம். தாளைக் கொடுத்துவிட்டு சார் ஓரமாக நின்றார். சோதனை நடக்கும்போது தான் ஒரு வார்த்தை பேசக் கூடாது என்பது அவரே போட்டுக்கொண்ட சட்டம். தன்னை நம்பாமல் கைக்குட்டையைச் சுருட்டி வாயில் வைத்துக்கொள்வார். பரமசிவம் “சாவியை வலப்பக்கம் திருப்பவும்” என்பதைப் படித்தார்; திருப்பினார்; திருப்பியபடியே பிடித்துக்கொண்டு நின்றார். விடச் சொல்லி எழுதவில்லையே! என்ஜின் ஓடத் தொடங்கிவிட்டது, ஸ்டார்ட்டர் அலறுகிறது. கைக்குட்டைக்குப் பின்னாலிருந்து சார் முனகுகிறார், கண்ணில் தண்ணீர். பேச மாட்டார். கடைசியில் பாபு அண்ணன் பாய்ந்துவந்து பரமசிவத்தின் கையைத் தட்டிவிட்டார்.

“ஏன்யா புடிச்சிக்கிட்டே நிக்கற?”

“விடுன்னு போடலியேப்பா அதுல.”

சார் வாயிலிருந்து கைக்குட்டையை எடுத்துவிட்டுப் பரமசிவத்தின் கையைப் பிடித்துக் குலுக்கினார். பெரிய உபகாரம் செய்தவரைப் போல.

அப்புறம் யாரையும் விடவில்லை. மருந்துக் கம்பெனி ரெப்புகள், வெளுக்கிறவர், பால்காரர். அவருக்கு மிகவும் பிடித்தவர்கள் வராந்தாவில் நகம் கடித்துக்கொண்டு நடக்கும் கணவன்மார்கள். “பதட்டத்துல இருக்கறவனுக்குப் புரியணும். அப்பதான் எழுதுனது சரி. கரண்டு போற நேரம் எவன் நிதானமா இருக்கப்போறான்?” என்பார். வடலூரிலிருந்து வந்த ஒருவரை இப்படி இழுத்துக்கொண்டு போய் ஜெனரேட்டரை ஓட வைத்துக்கொண்டிருந்தபோது உள்ளே பெண் குழந்தை பிறந்துவிட்டது. நர்ஸ் அவரைத் தேடி ஆஸ்பத்திரி முழுக்க ஓடினார். அந்த மனிதர் கையில் டீசல் கேனோடு, சட்டையெல்லாம் கரியோடு வந்து நின்றார். மாமியார் கேட்டாராம்: “மாப்ள, ஆஸ்பத்திரி செலவுக்கு இங்கியே வேலைக்குச் சேந்துட்டீங்களா?”

அதிகம் மாட்டிக்கொண்டவர் செல்விக்காதான். எட்டாவது வரை படித்தவர். எழுத்துக் கூட்டி நிதானமாகப் படிப்பார். எழுதியிருக்கிறதை மட்டும் செய்வார். சாருக்கு வேறென்ன வேண்டும்? “செல்வி, ஒரு நிமிஷம்” என்ற குரல் கேட்டாலே அவர் அடுப்பைத் தணித்துவிட்டு, “வந்திட்டாருடி, என் பரீட்ச பேப்பரோட” என்பார்.

என் வீட்டில் இந்த மனிதரால் வேறொரு குழப்பம். நான் தினமும் மேனுவல் சார், மேனுவல் சார் என்று சொல்வதைக் கேட்டு என் அப்பா அவரை மானுவேல் என்றே முடிவு செய்துவிட்டார். “உங்க மானுவேல் எந்த சர்ச்?” என்றார்.

“அப்பா, அவரு நெத்தி நெறைய விபூதி பூசிக்கிட்டு வர்றாருப்பா.”

“அப்படியா? பாவம், வீட்ல ஏதோ சங்கடம்போல” என்றார் அப்பா. அந்த கிறிஸ்துமஸுக்கு ‘சகோதரர் மானுவேலுக்கு’ என்று எழுதி ஒரு கேக் அனுப்பினார். சார் மறுக்காமல் வாங்கிச் சாப்பிட்டார். செய்முறையை எழுதித் தரச் சொல்லி அம்மாவுக்குச் சொல்லி அனுப்பினார். அம்மா எழுதியதில் ‘தேவையான அளவு’ என்று வந்த இடங்களையெல்லாம் சிவப்பு மையால் சுழித்துத் திருப்பி அனுப்பினார். அம்மா ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

ஒரு மார்கழி தரிசனத்துக்கு நானும் செல்விக்காவும் சிதம்பரம் போயிருந்தபோது சார் வீட்டுக்குப் போனோம். வடக்கு வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் வீடு. உள்ளே நுழைந்ததுமே தாள்கள். குழாய்க்கு மேலே ஒன்று, கிரைண்டர் மேலே ஒன்று, வாசல் தாழ்ப்பாளுக்குப் பக்கத்தில்கூட ஒன்று. அவர் மனைவி களியும் கூட்டும் தட்டில் வைத்துக்கொண்டே, “கல்யாணம் ஆன புதுசுல எனக்கே ஒண்ணு ஒட்டப் பாத்தாரு. விடலியே நானு” என்றார். அப்போதுதான் சார் உட்கார்ந்திருந்த சாய்வு நாற்காலியின் முதுகில் இருந்த தாளைச் செல்விக்கா பார்த்தார். கையெழுத்து வேறு, அந்த அம்மாவுடையது.

“இதில் உட்கார்ந்திருப்பவரை எழுப்ப: ஒரு முறை கூப்பிடவும். அசையாவிட்டால் காபியைக் காட்டவும். அப்போதும் அசையாவிட்டால் பேனாவை எடுத்துக்கொண்டு நடக்கவும்.”

செல்விக்கா சத்தமாகப் படித்துச் சிரித்தார். சாருக்கு வெட்கமே இல்லை. பெருமை. “இதுல ஒரு தப்பு இல்ல பாத்தியா செல்வி? யார் வந்தாலும் செய்யலாம்” என்றார்.

2011 கடைசியில் புயல் வந்தது. கடலூர்க்காரர்களுக்கு அதைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. பலாவும் முந்திரியும் வேரோடு போயின. கரண்டு கம்பங்கள் தீக்குச்சி மாதிரிக் கிடந்தன. முதல் நாள் சாயங்காலமே கரண்டு நின்றுவிட்டது. பாபு அண்ணன் ஜெனரேட்டரை ஓடவிட்டு, பிள்ளைகள் தனியாக இருக்கிறார்கள் என்று கடற்கரையில் இருந்த தன் வீட்டுக்கு ஓடினார். நானும் செல்விக்காவும் வீட்டுக்குப் போக வழியில்லாமல் ஆஸ்பத்திரியிலேயே தங்கிவிட்டோம். விடிந்ததும் விடியாததுமாக ஜெனரேட்டர் இருமிவிட்டு நின்றது. டீசல் தீர்ந்திருந்தது.

மங்கலம்பேட்டைப் பக்கத்திலிருந்து பிரசவத்துக்காக அக்கா வீட்டுக்கு வந்து, முதல் நாளே எங்களிடம் சேர்ந்திருந்த கலா என்ற பெண்ணுக்கு அந்த நேரத்தில்தான் வலி முற்றியது. டாக்டரம்மா பார்த்துவிட்டு வெளியே வந்தார்.

“கொழந்தையோட துடிப்பு கொறையுது. ஆபரேஷன் பண்ணியே ஆகணும். இந்த இருட்டுல கை வைக்க முடியாது. வேற ஆஸ்பத்திரிக்கு அனுப்பவும் ரோடு இல்ல. பாபு எங்க?”

பாபு அண்ணன் எங்கே என்று யாருக்குத் தெரியும்? போன் ஒன்றும் வேலை செய்யவில்லை. பரமசிவம் ஸ்டோர் ரூமிலிருந்து கேனைத் தூக்கிவந்து டீசலை ஊற்றினார். சாவியைத் திருப்பினார். என்ஜின் சுற்றியது, பிடிக்கவில்லை. மறுபடி திருப்பினார். பிடிக்கவில்லை.

“பேட்டரி தீந்திடும்ண்ணே, விடுங்க” என்று செல்விக்கா அவர் கையைத் தட்டிவிட்டார். என்னைப் பார்த்தார். “ஸ்டெல்லா, நீ படி. நான் செய்யறேன்.”

ஜெனரேட்டர் ரூம் சுவரில் பிளாஸ்டிக் உறைக்குள் தாள்கள் தொங்கின. டீசல் தீர்ந்து நின்றால் என்ன செய்வது என்று தனியாக ஒன்று இருந்தது. கூரைத் தகரம் படபடவென்று அடிக்க, டார்ச் வெளிச்சத்தில் நான் கத்திப் படித்தேன். “டீசல் ஊற்றினால் மட்டும் ஓடாது. குழாய்க்குள் காற்று புகுந்திருக்கும். அதை வெளியேற்ற வேண்டும். சொம்பைக் கவிழ்த்த மாதிரி கறுப்பாக ஒன்று இருக்கும். அதன் தலையில் உள்ள சின்ன போல்ட்டைச் சுவரில் தொங்கும் ஸ்பேனரால் இடப்பக்கமாகத் திருப்பித் தளர்த்தவும். முழுக்கக் கழற்ற வேண்டாம்.”

வழக்கமாக நிற்கும் பக்கத்தில் முழங்கால் வரை மழைத் தண்ணீர். செல்விக்கா சுவரோரமாக ஒடுங்கிப் போய் மறுபக்கத்திலிருந்து குனிந்தார். ஸ்பேனரை இடப்பக்கம் தள்ளினார். போல்ட் இன்னும் இறுகிக்கொண்டது.

“வரல ஸ்டெல்லா!”

“இடப்பக்கம்னுதான்க்கா போட்டிருக்கு!”

செல்விக்கா ஒரு விநாடி ஸ்பேனரையே பார்த்தார். பிறகு எதிர்ப்பக்கம் தள்ளினார். கிறீச்சென்று தளர்ந்தது. நான் மேலே படித்தேன். “பக்கத்தில் உள்ள கைப் பம்பை அமுக்கிக்கொண்டே இருக்கவும். முதலில் நுரை வரும். முகத்தில் தெறிக்கும். வாயை மூடிக்கொள்ளவும். கை வலிக்கும். அது சரிதான். நுரை நின்று வெறும் டீசல் வரும்வரை நிறுத்த வேண்டாம்.”

‘அது சரிதான்’ என்ற வார்த்தையைப் படித்தபோது யாரோ தோளில் கைவைத்த மாதிரி இருந்தது. செல்விக்கா வாயை இறுக மூடிக்கொண்டு அமுக்கினார். நுரை வந்தது. முகத்தில் தெறித்தது. அமுக்கினார். கொஞ்ச நேரத்தில் நுரை நின்று டீசல் கண்ணாடி மாதிரி வழிந்தது. போல்ட்டை இறுக்கினார். பரமசிவம் சாவியைத் திருப்பினார். என்ஜின் பிடித்ததும் விட்டார். சத்தம் ஒரே சீராக வரும்வரை காத்திருக்கச் சொல்லியிருந்தது; காத்திருந்தோம். பிறகு கரண்டை ஆஸ்பத்திரிக்குள் திருப்பிவிடும் பேனல் கைப்பிடியைக் கீழே இழுத்தார் செல்விக்கா. வராந்தாக் கடைசியில் ஆபரேஷன் தியேட்டர் கதவுக்கு மேலே விளக்கு எரிந்தது.

கலாவுக்குப் பையன் பிறந்தான். பிறந்ததும் அழவில்லை, கொஞ்சம் கழித்து அழுதான். செல்விக்கா டீசல் வழிகிற முகத்தோடு கேன்டீன் படியில் உட்கார்ந்து, அவரும் அழுதார்.

நாலாம் நாள் மத்தியானம் மேனுவல் சார் வந்தார். பஸ் இல்லை. சிதம்பரத்திலிருந்து மெழுகுவத்தியும் பிஸ்கட்டும் ஏற்றிக்கொண்டு வந்த லாரியில் தொற்றிக்கொண்டு வந்திருந்தார். அவர் வீட்டு ஓடுகள் பாதி போய்விட்டதாம். போகிற போக்கில் சொன்னார். செல்விக்கா நடந்ததையெல்லாம் மூச்சுவிடாமல் சொன்னார். சார் பாராட்டுவார் என்று நாங்கள் நின்றோம். அவர் பேனாவை எடுத்தார்.

“எந்த வரில தடுமாறுனே செல்வி?”

“அடப் பாவி மனுஷா!” என்றார் செல்விக்கா. அப்புறம் சொன்னார். “எடப்பக்கம்னு போட்டிருக்கீங்க. ஸ்பேனரு காம்பு எம்பக்கம் இருந்திச்சு. எடப்பக்கம் தள்ளுனா இறுகுது.”

சார் ஜெனரேட்டர் ரூமுக்குப் போய், சுவரோரமாக ஒடுங்கிக் குனிந்து, ஸ்பேனரை வைத்துப் பார்த்தார். திரும்பி வந்தவர் முகத்தில் ரத்தமே இல்லை. “அந்தப் பக்கத்துலேர்ந்து யாரையும் செய்ய வெச்சுப் பாக்கலியே நான்” என்றார். அந்த இடத்திலேயே நின்றுகொண்டு எழுதினார்: “ஸ்பேனரின் காம்பு உங்கள் வயிற்றைப் பார்த்து இருந்தால் வலப்பக்கம் தள்ளவும்.” எழுதிவிட்டுச் செல்விக்காவைப் பார்த்துக் கைகூப்பினார். செல்விக்கா என்ன செய்வதென்று தெரியாமல் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

மறுவருஷம் தானாகவே ஓடிக்கொள்ளும் புது ஜெனரேட்டர் வந்தது. சாரும் வேலையை முடித்துக்கொண்டு சிதம்பரத்தோடு இருந்துவிட்டார். ஆனால் அவரை நினைத்தால் எனக்கு ஞாபகம் வருவது அந்தத் தாள்கள் இல்லை. அந்த நாலாம் நாள் வார்டில் நடந்ததுதான்.

அத்தனை வருஷம் பிரசவ ஆஸ்பத்திரியில் வேலை செய்தும் அவர் வார்டுப் பக்கம் வந்ததே இல்லை. அன்று செல்விக்கா கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். கலா படுக்கையில் உட்கார்ந்திருந்தாள். “இவருதான் அத எழுதுன சாரு” என்றதும் குழந்தையை அப்படியே தூக்கி நீட்டினாள்.

சார் இரண்டடி பின்வாங்கினார். “எப்படிப் புடிக்கணும்? ஒவ்வொண்ணா சொல்லும்மா.”

“அதெல்லாம் ஒண்ணும் இல்ல சார். புடிங்க. அதுவா வரும்.”

வாங்கிக்கொண்டார். முதலில் பரீட்சை அட்டையைப் பிடிக்கிற மாதிரிப் பிடித்தார். பிறகு கை தானாக வளைந்தது. குழந்தை ஒரு தடவை நெளிந்துவிட்டு அவர் சட்டைப் பையோரம் கன்னத்தை வைத்துத் தூங்கிப்போனது. அவர் நகரவில்லை. மூச்சுகூடப் பார்த்துப் பார்த்துத்தான் விட்டார்.

வாசலில் லாரிக்காரர் ஹாரன் அடித்தார். இருட்டுவதற்குள் சிதம்பரம் போய்ச் சேர வேண்டும். மரங்கள் இன்னும் ரோட்டில் கிடந்தன. அவரைக் கூப்பிடத்தான் நான் வார்டு வாசல்வரை வந்தேன். கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். பிறகு திரும்பிப் போய் லாரிக்காரரிடம், “இன்னொரு டீ சாப்பிடுங்கண்ணே. சாரு வேலையா இருக்காரு” என்று சொல்லிவிட்டேன்.